ஆணி அடிக்கும் உரிமை

"கதை எழுதுகிறவருக்கு எதற்கு ஸார் இந்த மெக்கானிக் வேலை?" என்று என்னைக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் முக்கியமானவர் என் நண்பர் ஒருவர்; நல்ல ரசிகர், நாவல்கள் நிறையப் படிக்கிறவர். ஒரு சிறிய கம்ப்யூட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, அதில் 'கோடி' என்ற மென்பொருளை ஏற்றி, வேண்டிய செருகுநிரல்களைத் தேடிப் பூட்டி, என்னிடமுள்ள பழைய படங்களையும் பாட்டுகளையும் ஒழுங்கு செய்து வைத்திருக்கிறேன். இது அவருக்குப் பைத்தியமாகப் படுகிறது. கடையில் 'ஸ்மார்ட்' டிவி கிடைக்கிறது, சந்தா கட்டினால் படம் தானாக வருகிறது, உமக்கு ஏன் இந்தக் கஷ்டம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் இப்போது ஏகப்பட்ட அங்கத்தினர்கள் சேர்ந்துவிட்டதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் புத்திசாலிப் பெட்டி எங்கள் வீட்டிலும் உண்டு. வாங்கிய அன்று அதன் முகப்பு துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. ஒரு நாள் இரவு, வீட்டில் யாரையும் கேட்காமல், அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் முகப்பில் பாதியை ஒரு சோப்பு விளம்பரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை அகற்ற வழி இல்லை. முழு விலையும் நான் கொடுத்தேன். பெட்டி என் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. கரண்டுக்குப் பணம் கட்டுகிறவனும் நான்தான். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னால் பொறுத்துக்கொள்கிறோம், வீடு அவருடையது. சொந்த வீட்டில் ஆணி அடிக்க யாரிடம் மனுப் போடுவது?

கோடிக்கு விலை காலணா கிடையாது. (பெயரைக் கேட்டுவிட்டு என் வீட்டில் முதலில் பயந்துதான் போனார்கள்.) அது செய்கிற வேலை எளியது. நம்மிடமுள்ள கோப்புகளின் பெயரைப் படித்து, அதற்கென்று பூட்டிய செருகுநிரல் மூலம் இணையத் தகவல் களஞ்சியத்தைக் கேட்டு, படத்தின் சுவரொட்டி, நடிகர்கள், கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் கொண்டுவந்து அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல் அடுக்கிவிடுகிறது. வசனத்துக்கு மொழிபெயர்ப்பு வரிகள் வேண்டுமா, அதற்கொரு செருகுநிரல். முகப்பின் தோற்றம் பிடிக்கவில்லையா, வேறு சட்டை மாட்டிவிடலாம், 'ஸ்கின்' என்கிறார்கள்.

இதில் மனிதன் செய்ய வேண்டிய பங்கும் உண்டு. அந்தப் பங்கைத்தான் நண்பர் தொல்லை என்கிறார், நான் சுகம் என்கிறேன். 'தேவதாஸ்' என்று மட்டும் கோப்புக்குப் பெயரிட்டால் பாவம், மென்பொருள் என்ன செய்யும்? பருவா வங்காளத்தில் எடுத்தது 1935; பிமல் ராய் ஹிந்தியில் எடுத்தது 1955; பன்ஸாலி எடுத்தது 2002. ஆகவே பெயருக்குப் பக்கத்தில் ஆண்டையும் எழுத வேண்டும். சரி, 1953 என்று எழுதினீர்கள். நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த அந்தப் படம் அதே ஆண்டில் தெலுங்கிலும் வந்தது, தமிழிலும் வந்தது! ஆண்டும் இங்கே கைவிட்டுவிடுகிறது. இதற்கும் மாற்று உண்டு. கோப்புக்குப் பக்கத்திலேயே நாமே ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்துவிட்டால், மென்பொருள் இணையத்தைக் கேட்காமல் நம் சொல்லை ஏற்றுக்கொள்கிறது. என் குறிப்பில், இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் 1952-இல் இளவயதில் காலமானதையும், மிச்ச வேலையை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்ததையும் எழுதி வைத்திருக்கிறேன். படத்தைத் திறக்கும் போதெல்லாம் அது திரையில் வருகிறது. எந்தச் சந்தாக் கம்பெனி தன் திரையில் இப்படி ஒரு வரி எழுத எனக்கு இடம் கொடுக்கும்?

"செருகுநிரல் திடீரென்று நின்றுபோகிறதே" என்கிறார் நண்பர். வாஸ்தவம்தான். 2021-இல் கோடியின் 19-ஆம் பதிப்பு வந்தபோது அது பைத்தான் மொழியின் புதிய வடிவத்துக்கு மாறியது. கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய செருகுநிரல்கள் பல அத்தோடு படுத்துவிட்டன. ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாமல் எழுதுகிறவர்களின் வேலை அப்படித்தான் இருக்கும். ஆனால் பழைய பதிப்பையே வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவன் சொன்னால் அவனை யாரும் தடுக்கவில்லை.

பெரிய கம்பெனிகளின் கதை அப்படியா? மைக்ரோஸாப்ட் 2002-இல் 'மீடியா சென்டர்' கொண்டுவந்தது. அருமையான சரக்கு. ஜனங்கள் அதை நம்பிக் கூடத்தில் கம்ப்யூட்டர் வைத்து, தாங்களே செருகுநிரல்களும் எழுதிச் சேர்த்தார்கள். 2015-இல் விண்டோஸ் 10 வந்ததும் அதைக் கைகழுவிவிட்டார்கள். புதியதற்கு மாறியவர்களின் கம்ப்யூட்டரிலிருந்து அது மறைந்தே போயிற்று. வேடிக்கை என்னவென்றால், கோடி பிறந்ததும் அதே 2002-இல், அதே கம்பெனியின் 'எக்ஸ்பாக்ஸ்' விளையாட்டுப் பெட்டியில்தான். கம்பெனியின் அனுமதி கேட்காமல் சில ஆர்வக்காரர்கள் செய்தது. 2014-இல் அதற்குக் கோடி என்று பெயர் மாற்றினார்கள். பெற்ற பிள்ளை போய்விட்டது, திண்ணையில் வளர்ந்தது இன்றும் திடமாக இருக்கிறது. அதே வேரிலிருந்து கிளைத்துக் கம்பெனியாகிவிட்ட 'பிளெக்ஸ்' 2018-இல் செருகுநிரல்களுக்குக் கதவைச் சாத்தப்போவதாக அறிவித்தது. 'எம்பி' என்ற மற்றொன்று அதே ஆண்டு தன் மூலநிரலைப் பூட்டிக்கொண்டது. உடனே சிலர், பூட்டுவதற்கு முன்பிருந்த நிரலை எடுத்து 'ஜெல்லிஃபின்' என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். திறந்த நிரல் என்பதால்தான் அது முடிந்தது. 2023 டிசம்பரில் ஸோனி, தன் பிளேஸ்டேஷன் கடையில் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் அவர்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்றது. கூச்சல் எழுந்த பிறகு நிறுத்தி வைத்தார்கள். கூச்சல் எழாதிருந்தால்?

என் பக்கத்து ஆசாமிகளிலும் சிலரை நான் சும்மா விடத் தயாரில்லை. கடைகளில் 'எல்லாப் படமும் இலவசம்' என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். உள்ளே இருப்பது கோடிதான்; திருட்டுப் படங்களுக்கு வழி காட்டும் செருகுநிரல்களை முன்கூட்டியே திணித்திருப்பார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! இப்படிப் பெட்டி விற்பது பதிப்புரிமையை மீறுவதே என்று 2017 ஏப்ரலில் ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தத் தீர்ப்பில் எந்த வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம், கோடி என்றாலே திருட்டு என்று என் நண்பரைப் போன்ற யோக்கியர்களும் நினைக்கும்படி இவர்கள் செய்துவிட்டார்களே என்பதுதான். அதை உருவாக்குகிறவர்களே இதைப் பற்றிப் பலமுறை புலம்பியிருக்கிறார்கள்.

செருகுநிரல் என்பது அந்நியர் எழுதிய நிரல், நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நமக்குத் தெரியாமல் எதையும் செய்யக்கூடியது. ஆகவே கோடியின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஏற்றியே தருகிறேன் ஸார்" என்று குழைந்தால், வெறும் பெட்டி போதும் என்று சொல்லி வாங்கி வாருங்கள்.