அண்ணி கேட்ட கேள்வி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அண்ணியை ஒரு சித்திரக் கண்காட்சிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அண்ணி மகா சமர்த்து. பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் அவருக்கு மனக்கணக்குத்தான். புடவைக் கடையில் துணியைத் தொட்டுப் பார்த்தே சாயம் நிற்குமா, நிற்காதா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட அண்ணி ஒரு பெரிய படத்தின் முன்னால் போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான். ஒரு நீலக் கட்டம், அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, மூலையில் கண் மாதிரி ஏதோ ஒன்று. பக்கத்தில் நின்ற ஓர் இளைஞனிடம், "ஏன் தம்பி, இது என்ன?" என்று கேட்டார். அந்தப் பிள்ளையாண்டான் உதட்டோரத்தில் சிரித்தான். "புரிகிறவர்களுக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி வாயே திறக்கவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "நமக்கெல்லாம் எதற்கடி இது? அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவளுக்குச் சித்திரம் ஒரு கேடா?"

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆகவே இந்த வாரம் நான் எழுதுவது அண்ணிக்காக. அண்ணியைப் போல வாய் மூடிக்கொண்டு வீடு திரும்பிய உங்களுக்காகவும்தான்.

அண்ணி கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட்டால் போதும். "இது என்ன?" என்பதற்குப் பதிலாக, "இதை வரைந்தவருக்கு என்ன கேள்வி எழுந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். இம்ப்ரெஷனிஸம், கியூபிஸம் என்று பயமுறுத்துகிறார்களே, அந்த 'இஸம்' ஒவ்வொன்றும் ஒரு கேள்விதான். அந்தக் கேள்விகளில் பல எங்கிருந்து கிளம்பின, தெரியுமா? தொட்டிலிலிருந்தும் தொப்பியிலிருந்தும் தேநீர்க் கோப்பையிலிருந்தும்!

தொட்டில்

1839-ஆம் வருஷம் டாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்பட முறை பாரிஸில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதுவரையில், ஆளை உரித்து வைத்தாற்போல் வரைவது சித்திரக்காரரின் முக்கியமான பிழைப்பு. அந்தப் பிழைப்பில் ஒரு பெட்டி வந்து பங்கு கேட்டது. "இந்த யந்திரத்தால் முடியாததை நான் என்ன செய்யலாம்?" என்று ஓவியர்கள் யோசிக்க வேண்டியதாயிற்று. 1841-இல் சாயத்தை அடைத்து வைக்கும் தகரக் குழாய் வேறு வந்துவிட்டது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஓவியர்கள் சாயத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கும் தோட்டத்துக்கும் கிளம்பினார்கள். காலை வெயிலில் ஒரு நிறம், மாலையில் வேறு நிறம். "பொருளை வரைவதா? அதன்மேல் இந்த நொடியில் விழும் வெளிச்சத்தை வரைவதா?" இதுதான் அவர்களுடைய கேள்வி.

1874 ஏப்ரலில் சுமார் 30 பேர் சேர்ந்து பாரிஸில் தாங்களாகவே ஒரு கண்காட்சி வைத்தார்கள். மோனே என்பவர் விடியற்காலைத் துறைமுகம் ஒன்றைத் தீட்டி, 'இம்ப்ரெஷன்' - அதாவது மனத்தில் விழுந்த பதிவு - என்று பெயர் வைத்திருந்தார். ஒரு விமரிசகர் அந்தப் பெயரை வைத்தே எல்லோரையும் பரிகாசம் செய்தார். பரிகாசப் பெயரே பட்டப் பெயராக நிலைத்துவிட்டது.

அந்த 30 பேரில் பெண் ஒரே ஒருவர். பெயர் பெர்த் மோரிஸோ. அவர் வைத்த படங்களில் ஒன்று 'தொட்டில்'. மெல்லிய வலைத்துணிக்குள்ளே குழந்தை தூங்குகிறது. பக்கத்தில் தாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தாய் வேறு யாருமில்லை, மோரிஸோவின் சொந்தச் சகோதரி எட்மா. அவளும் சித்திரம் பயின்றவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். இதைத் தெரிந்துகொண்டு அந்த முகத்தை மறுபடி பாருங்கள். அதில் தெரிவது பிள்ளைப் பாசம் மட்டுந்தானா? படத்தைப் புரிந்துகொள்ள ஒரு பட்டமும் வேண்டாம், சகோதரிகளே. தூங்கும் குழந்தையின் பக்கத்தில் ஒரு தரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

தம்பி மனைவி

வெளிச்சம் கிடைத்தது, சரி. "வெளியே தெரிவதை மட்டும் வரைந்தால், உள்ளே கொதிப்பதை யார் வரைவது?" இப்படிக் கேட்டவர் வின்சென்ட் வான் கோ. 1889 ஜூன் மாதம், பிரான்ஸின் தென்பகுதியில் ஒரு மனநோய் வைத்தியசாலையில் இருந்தபோது, ஜன்னல் வழியே பார்த்த ஆகாயத்தைத் தீட்டினார். நட்சத்திரங்கள் சுழல்கின்றன, வானமே வெள்ளம்போல் புரள்கிறது. வானம் அப்படியா இருக்கும்? இருக்காது. ஆனால் தூக்கம் வராத ராத்திரியில் நம் மனசு அப்படித்தானே இருக்கிறது!

1890-இல் வான் கோ தம் 37-ஆவது வயதில் மாண்டார். அவருக்குப் பணமும் தைரியமும் கொடுத்து வந்த தம்பி தியோ ஆறு மாதத்தில் பின்தொடர்ந்தார். மிஞ்சியது தியோவின் மனைவி யோஹன்னாவும், ஒரு வயதுகூட நிரம்பாத ஆண் குழந்தையும், விலை போகாத நூற்றுக்கணக்கான படங்களுந்தான். அவர் ஹாலந்துக்குத் திரும்பி, பிழைப்புக்காக ஒரு விடுதி நடத்தினார். படங்களை வீட்டுச் சுவர்களில் மாட்டினார். இன்னின்ன படத்தை இன்னின்ன ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று யோசித்து யோசித்துக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார். 1905-இல் ஆம்ஸ்டர்டாமில் 400-க்கும் மேற்பட்ட படைப்புகளைக் கொண்டு ஒரு பெரிய கண்காட்சியே நடத்தினார். அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்களை 1914-இல் புத்தகமாகக் கொண்டு வந்தார். இன்று வான் கோ பெயர் தெரியாதவர் இல்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது விதவையான ஒரு தம்பி மனைவி! 'அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவளுக்கு' என்று அண்ணி சொன்னாரே, அப்போது எனக்கு யோஹன்னாவின் ஞாபகந்தான் வந்தது.

தொப்பி

1905-ஆம் வருஷமே பாரிஸில் இன்னொரு ரகளை. ஹென்றி மத்தீஸ் தம் மனைவி அமேலியைப் பெரிய தொப்பி ஒன்றுடன் தீட்டியிருந்தார். அமேலி தொப்பிக் கடை வைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். படத்தில் அம்மாளின் முகத்திலே பச்சை! கழுத்திலே ஆரஞ்சு! பார்த்தவர்கள் சிரித்தார்கள். இந்தக் கூட்டத்துக்குக் 'காட்டு மிருகங்கள்' என்று ஒரு விமரிசகர் பெயர் சூட்டினார். பிரெஞ்சு மொழியில் அதைச் சொன்னால் 'ஃபோவ்', ஆகவே 'ஃபோவிஸம்'.

அன்றைக்கு அமேலி உண்மையில் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார் என்று மத்தீஸைக் கேட்டார்களாம். "கறுப்புத்தான், வேறென்ன?" என்றாராம் அவர். "நிறம் பொருளுக்கு அடிமையாக இருந்துதான் தீர வேண்டுமா?" என்பது அவர் கேள்வி. நம் பாட்டிகள் மாக்கோலத்தின் ஓரத்தில் செம்மண் இட்டார்களே, பூமி அந்த இடத்தில் சிவப்பாக இருந்ததாலா இட்டார்கள்? வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு எடுப்பாக இருந்தது, இட்டார்கள்!

குடத்தின் வாய்

இப்போது பயங்கரமான ஆசாமிக்கு வருவோம்: கியூபிஸம். பயப்படாதீர்கள். உங்கள் வீட்டுக் குழந்தையிடம் குடம் ஒன்று வரையச் சொல்லுங்கள். குடத்தைப் பக்கவாட்டில் வரையும். ஆனால் வாயை மட்டும் மேலிருந்து பார்ப்பதுபோல் வட்டமாகப் போடும். "தப்பு" என்போம். குழந்தையோ, "குடத்தின் வாய் வட்டந்தானே!" என்னும். அதற்குத் தெரிந்ததை அது வரைகிறது.

பிக்காஸோவும் பிராக்கும் 1908 முதல் சில வருஷங்கள் பாரிஸில் இதையே தீவிரமாகச் செய்து பார்த்தார்கள். "ஒரே இடத்தில் நின்று, ஒரே கண்ணால் பார்ப்பது மட்டுந்தான் உண்மையா? முன்னும் பின்னும் பக்கமும் ஒன்றாகத் தெரியக்கூடாதா?" இந்தக் கேள்விக்கு, சாய்ந்த மேஜையில் ஆப்பிள் பழங்களை வரைந்து வரைந்து வழி காட்டியவர் கிழவர் ஸெஸான். பிக்காஸோவுக்குத் தூண்டுதல் கொடுத்தவை பாரிஸ் காட்சிசாலையில் அவர் கண்ட ஆப்பிரிக்க முகமூடிகள். ஆகவே ஒரே முகத்தில் மூக்குப் பக்கவாட்டிலும் கண் நேராகவும் இருந்தால், ஓவியருக்கு வரையத் தெரியவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

உருவமே இல்லாத படம்

"அதெல்லாம் சரி, ஒன்றுமே இல்லாமல் வெறும் வட்டமும் கோடுமாக இருக்கிறதே?" என்பீர்கள். ஆலாபனையில் வார்த்தை இருக்கிறதா? இல்லை. அழுகை வரவில்லையா? வருகிறது. "ராகத்துக்குச் சொல் வேண்டாம் என்றால், நிறத்துக்கு உருவம் எதற்கு?" அருவ ஓவியத்தின் கேள்வி இதுதான்.

இந்த வழியைத் திறந்தவர் காண்டின்ஸ்கி என்று வெகு காலம் எழுதி வந்தார்கள். அவருக்குச் சில வருஷம் முன்பே, 1906-இல், ஸ்வீடன் தேசத்தில் ஹில்மா ஆஃப் கிளின்ட் என்ற பெண்மணி உருவமில்லாத படங்களைத் தீட்டத் தொடங்கிவிட்டார். சில படங்கள் ஆள் உயரத்தைத் தாண்டி, 3 மீட்டருக்கும் மேலே! உலகம் இன்னும் தயாராகவில்லை, தாம் இறந்து 20 வருஷம் கழியும்வரை காட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்தார். 1944-இல் காலமானார். 1986-இல்தான் வெளியுலகம் அவற்றை முதலில் கவனித்தது. 2018-19-இல் நியூயார்க்கில் நடந்த அவருடைய கண்காட்சிக்கு 6 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வந்தார்கள்.

கோப்பையும் ஒரு தாயும்

1924-இல் பாரிஸில் சர்ரியலிஸம் பிறந்தது. கனவில் வருவதுபோல், சேராததைச் சேர்த்துப் பார்ப்பது அதன் வழி. 1936-இல் மெரெட் ஓப்பன்ஹைம் என்ற இளம் பெண் ஒரு கோப்பை, தட்டு, கரண்டி மூன்றையும் மிருக ரோமத்தால் போர்த்தி வைத்தாள். அந்தக் கோப்பையை உதட்டில் வைப்பதாக நினைத்துப் பாருங்கள். உடம்பு கூசுகிறதா? அந்தக் கூச்சந்தான் கலை. தினம் தொடும் பொருள் அந்நியமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதே அவள் கேள்வி.

கடைசியாக ஒரே ஒரு படம். 1937 ஏப்ரல் 26, ஸ்பெயினில் கெர்னிகா என்ற சிற்றூர். பிராங்கோவுக்குத் துணையாக வந்த ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் அதன்மேல் குண்டு வீசின. பிக்காஸோ சுமார் 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் உள்ள படம் தீட்டினார். வர்ணமே இல்லை, கறுப்பு, வெள்ளை, சாம்பல். இடது ஓரத்தில் ஒரு தாய், மடியில் செத்த குழந்தை. தலையை அண்ணாந்து கதறுகிறாள். கண்கள் இடம் மாறியிருக்கின்றன; நாக்கு ஈட்டிபோல் கூராக இருக்கிறது. அந்த முகத்தை லட்சணமாக வரைந்திருந்தால் நமக்கு மனம் ஒப்புமா? பெற்றவளின் முகம் அந்த நேரத்தில் உடைந்துதானே போகும்! ஸ்பெயினில் ஜனநாயகம் திரும்பும்வரை படம் அங்கே போகக்கூடாது என்றார் பிக்காஸோ. 1981-இல்தான் அது ஸ்பெயினுக்குப் போயிற்று. இப்போது மாட்ரிட் நகரில் இருக்கிறது.

மறுபடியும் அண்ணி

இதையெல்லாம் அண்ணிக்குச் சொன்னேன். தொட்டில் வரைந்த மோரிஸோவைப் பற்றி இன்னும் ஒன்றும் சொன்னேன். 1895-இல் அவர் காலமானபோது, மரணப் பதிவில் 'தொழில் இல்லை' என்று எழுதினார்கள். கல்லறையிலோ, இன்னாருடைய விதவை என்று மட்டுந்தான். நூற்றுக்கணக்கான படங்கள் தீட்டியவருக்கு! அண்ணி சற்று நேரம் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கண்காட்சி இன்னும் இருக்கிறதோ?" என்றார்.

இருந்தது, போனோம். அதே நீலக் கட்டத்தின் முன்னால் அண்ணி நின்றார். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை.

"இந்த நீலத்துக்கு அந்தச் சிவப்புச் சேரவே சேராது. அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. வேண்டுமென்றே போட்டிருக்கிறார். சண்டை நடந்து முடிந்த வீடு மாதிரி இருக்கிறதடி" என்றார். அடுத்த படத்துக்கு நகர்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்.

சகோதரிகளே, எல்லாம் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை. நின்று பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்ல நமக்குப் பூரண உரிமை உண்டு. வெட்கப்பட்டுத் திரும்பி வரத்தான் உரிமை இல்லை.

அந்தப் பிள்ளையாண்டானை அன்று காணோம். இருந்திருந்தால் அண்ணியிடம் ஏதாவது கற்றுக்கொண்டிருப்பான்.