பூச்சிமருந்துக்குத் தமிழ், பிள்ளைமருந்துக்கு ஆங்கிலமா?

கத்தரியில் புழு விழுந்துவிட்டதென்று உழவன் ஒருவன் கடைக்குச் சென்று பூச்சிக்கொல்லி வாங்குகின்றான். அப்பொதியினுள் ஒரு விளக்கத்தாள் இருத்தல் வேண்டும்; அஃது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமன்றி, விற்கப்படும் வட்டாரத்தின் மொழியிலும் அச்சிடப்படல் வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் கட்டளை. அவ்வுழவனே அன்று மாலை, காய்ச்சலால் அனத்தும் தன் மூன்று அகவை மகளுக்காக மருந்துக்கடையில் ஒரு புட்டி வாங்குகின்றான். அதில் பெயரும் ஆங்கிலம், அளவும் ஆங்கிலம், எச்சரிக்கையும் ஆங்கிலம். புழுவைக் கொல்லும் நஞ்சுக்குக் கிடைத்த மொழியுரிமை, பிள்ளையைக் காக்கும் மருந்துக்குக் கிடைக்கவில்லை. இஃது எந்நாட்டு முறை? எவ்வறத்தின் பாற்பட்டது?

பாட்டி முதல் பெயர்த்தி வரை ஒரே குடும்பத்துக்கு வழிவழியாக மருந்து தரும் குடும்ப மருத்துவர் இன்றும் சிற்றூர்களில் அருகிக் காணப்படுகின்றனர். அத்தகைய முதியவர் ஒருவர், தம்மிடம் பயில வரும் இளமருத்துவர்க்குக் கூறும் முதற்பாடம் ஒன்றுண்டு. “நோயாளி படியிறங்குமுன், நீ சொன்னதை அவர் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லச் செய். அவரால் சொல்ல முடியவில்லையெனில் நீ மருத்துவம் செய்யவில்லை. சீட்டு எழுதியிருக்கின்றாய், அவ்வளவுதான்.” ஆயிரம் பக்க நூல் கூறாத உண்மை இச்சிறு சொல்லில் அடங்கியுள்ளது.

அம்முதியவரைத் தேடி வந்த மூதாட்டி ஒருத்தி, தன் சுருக்குப்பையிலிருந்து இருவகை மருந்து வில்லைகளை எடுத்து வைத்தாள். “இது காய்ச்சலுக்கு என்றார்கள் ஐயா, இது மேல்வலிக்கு என்று வேறொருவர் தந்தார்” என்றாள். இரண்டையும் வேளைக்கு ஒவ்வொன்றாக, நாளைக்கு நான்கு வேளை விழுங்கிவந்தாள். வணிகப் பெயர் இரண்டு. உள்ளிருந்த மருந்தோ ஒன்று! இரண்டும் 650 மில்லிகிராம் பாராசிட்டமாலே. நாளொன்றுக்கு 4000 மில்லிகிராமைக் கடக்கலாகாத அம்மருந்தை அவள் 5200 மில்லிகிராம் உட்கொண்டிருந்தாள். அளவு மிகின் அது முதலில் தாக்குவது ஈரலை. மருத்துவர் இருவரும் கற்றவரே, மருந்தும் நன்மருந்தே. ஆயினும், அவ்விரண்டும் ஒன்றென அவளுக்கு அறிவிக்க ஒரு தமிழ்ச்சொல் அவ்வட்டையில் இல்லை. எழுத்தறிந்த தமிழச்சியை எழுத்தறியாதவளாக்குவது இக்கொடுமை!

மருந்துச்சீட்டின் கதையும் இதுவே. நாளைக்கு இருமுறை என்பதற்குப் ‘பி.டி.’ என்றும், மூன்றுமுறை என்பதற்கு ‘டி.டி.எசு.’ என்றும் எழுதுகின்றனரே, அவை ஆங்கிலமுமல்ல, இலத்தீன்! உரோமர் எவரும் இன்று மருந்து வாங்க வருவதில்லை. உரோமரின் மொழி மட்டும் மன்னார்குடி மருந்துச்சீட்டில் வாழ்கின்றது. தமிழன் மொழிக்கு அங்கே இடமில்லை.

மருத்துவர்கள் வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டுமென்று இந்திய மருத்துவ மன்றம் 2016-இல் விதி திருத்தியது. அது நல்ல விதியே. ஆனால் எப்படி எழுத வேண்டுமாம்? இயன்றவரை ‘பெரிய எழுத்தில்’! தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லை. அவ்விதியை எழுதியவர் உள்ளத்தில் தமிழெழுத்து நிழலாகவேனும் இருந்ததில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பொதுப்பெயரைக் கட்டாயமாக்கி 2023 ஆகத்தில் வந்த புதிய விதிகளோ, அதே திங்களில் நிறுத்திவைக்கப்பட்டன.

எச்சரிக்கை யாருக்கு?

சளிக்குத் தரும் ஒருவகைக் கூட்டு மருந்தை நான்கு அகவைக்குட்பட்ட குழந்தைகட்குத் தரலாகாது என்று புட்டியின்மேல் எச்சரிக்கை அச்சிடுமாறு ஒன்றிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 திசம்பரில் பணித்தது. ஈராண்டுகள் கழியுமுன், 2025-இல், மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அம்மருந்தும் அக்கூட்டு மருந்து வகையைச் சேர்ந்ததே. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலை நஞ்சு கலந்திருந்தது. அது செய்யப்பட்ட இடம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டம் என்பதை எண்ணித் தமிழர் தலைகுனிய வேண்டும்.

நஞ்சு கலந்தது ஆலையின் குற்றம். ஆய்ந்து தடுக்காதது அரசுகளின் குற்றம். தாய்மொழி எழுத்து அந்நஞ்சை முறித்திராது, உண்மையே. ஆனால், இத்துணைச் சிறு குழந்தைக்கு இம்மருந்தே தரலாகாது என்னும் எச்சரிக்கை எவர் பொருட்டு அச்சிடப்படுகின்றது? கரண்டியை வாயருகே கொண்டுசெல்பவள் தாய். எச்சரிக்கை அவள் மொழியில் இருத்தல் வேண்டும். அத்தாய் தமிழச்சியாயின் தமிழில். இந்தி பேசுபவளாயின் இந்தியில். கோண்டு மொழியினளாயின் அம்மொழியில். தமிழர் தமக்கெனக் கேட்கும் இவ்வுரிமை மாந்தர் யாவர்க்கும் பொதுவான உரிமை. தாய்க்கு விளங்காத எச்சரிக்கை, ஆலை முதலாளி வழக்குமன்றில் தப்பிக்க வைத்துக்கொண்ட முறிச்சீட்டே அன்றி வேறன்று.

பேச்சும் மருந்தே

சென்னையில் 1956-இல் தொடங்கிய ஓர் ஆய்வு உலக மருத்துவத்தையே திருப்பியது. காசமென வழங்கும் என்புருக்கி நோயரைத் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடத்தியே நலப்படுத்த இயலும் என்று அன்று நம்பினர். சென்னையின் ஏழை நோயர் ஒருசாராரை மருத்துவமனையிலும், மற்றொரு சாராரை நெருக்கடி மிகுந்த அவர்தம் வீடுகளிலும் வைத்து ஓராண்டு மருந்து தந்து ஒப்பிட்டனர். வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ ஒத்த அளவில் நலம்பெற்றனர் என்னும் முடிவு 1959-இல் வெளிவந்தது. உலகெங்கும் அந்நோய்க்கான தனி மருத்துவமனைகள் மூடப்படுவதற்கு அவ்வாய்வு வழிவகுத்தது.

வீட்டிலிருக்கும் நோயரை நாள்தவறாமல் மருந்து உண்ணச் செய்தது எது? மருந்து மட்டுமன்று. வீடு தேடிச் சென்று உசாவிய பணியாளரும், அவர் பேசிய பேச்சுமே. இன்றும் அந்நோய்க்குப் பொதுவாக ஆறு திங்கள் மருந்து உண்ணல் வேண்டும். இரண்டாம் திங்களிலேயே இருமல் நிற்கின்றது, உடல் தேறுகின்றது. ‘நோய் போயிற்று’ என்று மருந்தை நிறுத்துகின்றவன் உடலில் எஞ்சிய நோயுயிரிகள், மருந்துக்கு அடங்காதனவாக வலுத்தெழுகின்றன. ஏன் நிறுத்தலாகாது என்பதை அவன் மொழியில் ஐந்து மணித்துளி எடுத்துரைத்திருந்தால் அவனும் பிழைப்பான். அவன் வீட்டாரும் பிழைப்பர். அவ்வைந்து மணித்துளிக்கு ஊதியமில்லை என்பதால் அது தரப்படுவதில்லை. நச்சுயிரியால் வரும் சளிக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது என விளக்குவதைவிட, எழுதித் தந்துவிடுவது எளிதாயிருக்கின்றது!

தமிழின் பேரால் பொய்யும் வேண்டா

மருத்துவர் வாய் மூடிய இடத்தில் பொய்யர் வாய் திறக்கின்றனர். ‘இக்காயை உண்க, புற்றுநோய் பறந்துபோம்’, ‘இக்குடிநீர் பருகுக, நீரிழிவு வேரோடு அறும்’ என்று இதழ்களிலும் கைப்பேசிகளிலும் நாள்தோறும் செய்திகள் பெருகுகின்றன. அவை நல்ல தமிழில் வருகின்றன! மெய் ஆங்கிலத்திலும் பொய் தமிழிலும் வருமாயின், மக்கள் எதனை நம்புவர்?

புற்றுநோயையும் நீரிழிவையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கின்றது. தமிழ் மருத்துவம் பழமையானது; அதன் மருந்துகள் ஆய்வுக்குரியன; ஆய்வில் நின்றவை போற்றுதற்குரியன. ஆனால் ‘தமிழன் மருந்து’ என்னும் முத்திரை ஆய்வுக்கு ஈடாகாது. இன்சுலினை நிறுத்திவிட்டுக் கசாயத்தை நம்பி மயங்கி விழும் இளைஞனுக்கு, விற்றவன் தமிழனாயிருந்தது என்ன ஆறுதல் தரும்? மொழிப்பற்றை முதலாக வைத்துப் பொய் விற்பவன், மொழியின் பகைவருள் முதல்வன்.

‘சொல் இல்லை’ என்பார்க்கு

மருத்துவத்தைத் தமிழில் சொல்லச் சொற்கள் இல்லை என்பது அடிமையுள்ளம் கூறும் சாக்கு. அமெரிக்கராகிய சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். 1852-இல் உடலமைப்பு நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். 1860-களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றி மருத்துவர்களை உருவாக்கினார். அறுவை, மகப்பேறு, வேதியியல் என நூல்கள் தொடர்ந்தன. அவர் கலைச்சொற்களில் வடசொல் மிகுதியே. அஃது அக்காலப் புலமை அவருக்குத் தந்த கருவியின் குறை. அவர்தம் நோக்கின் குறையன்று. தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்றே தம் கல்லறையில் பொறிக்கச் செய்தார். கடல்கடந்து வந்த அயலான் கற்றுப் பேசிய மொழியைத் தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்த மருத்துவன் பேசக் கூசுவதா?

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு கூறு வகுக்கின்றது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். அவற்றுள் முதலில் நிற்பவன் நோயுற்றவன்! அவனுக்கு விளங்காதபடி மற்ற மூன்றும் நடக்குமாயின் அது முடமான மருத்துவமே.

செய்ய வேண்டுவன மூன்று. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு மருந்திலும் பொதுப்பெயர், அளவு, எச்சரிக்கை ஆகியன தமிழில் அச்சிடப்படல் வேண்டும். மருந்துச்சீட்டில் உண்ணும் முறை தமிழில் எழுதப்படல் வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் நோயாளியிடம் தமிழில் விளக்கும் திறன் தேர்வுக்குரிய பாடமாதல் வேண்டும்.

சட்டம் வரும்வரை வாளாவிருத்தல் வேண்டா. தமிழர்களே! மருத்துவர்முன் அமரும் ஒவ்வொருவரும், ‘ஐயா, இது என்ன மருந்து? எதற்கு? எத்தனை நாள்? தமிழில் எழுதித் தருக’ என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். கேட்பது இரப்பன்று, உரிமை. தன் உடலைப் பற்றித் தன் மொழியில் அறிய இயலாதவன், தன் நாட்டைப் பற்றி எதனை அறிந்து காக்கப் போகின்றான்?