தண்ணீர் குடிக்கப் பயந்த சுற்றுலா

சென்ற வருடம் எமது வகுப்புச் சுற்றுலாவில், மகாஓயாவைத் தாண்டிய பின் பக்கத்து ஆசனத்துத் தோழிக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். "வேணாம்டி, குடிச்சா இறங்க வேண்டி வரும்" என்றாள். ஹக்கலைப் பூங்காவில் நாங்கள் படம் எடுத்துத் திரிந்தபோது, அவள் தலையிடியோடு ஒரு வாங்கில் சாய்ந்திருந்தாள். 1861ஆம் ஆண்டு சிங்கோனா மரம் வளர்ப்பதற்காகத் தொடங்கிய தோட்டம் அது. அதைப் பார்க்க ஆசைப்பட்டு பணம் சேர்த்தவள் அவள்தான். வீட்டில் இதைச் சொன்னேன். "எங்கட காலத்திலயும் இப்படித்தான்" என்றார் உம்மா.

சுற்றுலாத் திட்டம் என்றால் நாம் பார்க்கப் போகும் இடங்களைத்தான் வரிசையாக எழுதுகிறோம். எங்கே இறங்குவது, எத்தனை மலசலகூடம் உண்டு என்பதை எவரும் எழுதுவதில்லை. எமது பஸ்ஸில் 52 பேர். தேநீர்க்கடையில் இரண்டு அறைகள். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றாலும் 78 நிமிடங்கள் வேண்டும். திட்டத்தில் அதற்கு இருந்தது 15 நிமிடம்! மாதவிடாய் நாட்களில் வந்திருந்த தோழியர் பட்ட பாட்டை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் கேட்கவுமில்லை.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பதுளையிலும் வெலிமடைக்கு அருகே குருத்தலாவையிலும் முஸ்லிம் பாடசாலைகள் உள்ளன. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்துதர முடியுமா என்று எமது அதிபர் முன்கூட்டியே கேட்டால் மறுப்பார்களா? பிரயாணிக்கு ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழச் சலுகை இருப்பதால், வுழூச் செய்யவும் பெண்கள் தொழவும் வசதியுள்ள ஓரிடம் கிடைத்தாலே பகல் பொழுதுக்குப் போதும்.

அடுத்தது நேரம். எமது ஊரிலிருந்து நுவரெலியா 200 கிலோமீற்றருக்கு மேல். செங்கலடியில் ஏறும் ஏ5 வீதி பிபிலை வரை ஓரளவு இலகுவானது. அதன்பின் லுணுகலை, பசறை என்று வளைவுகள்தான். ஒரே நாளில் போய்வர, நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு மறுநாள் அதிகாலையில் வந்து சேர்ந்தோம். திரும்பும் வழியில் துன்ஹிந்தவையும் பார்ப்போம் என்று பட்டியலில் சேர்க்கச் சொன்னது நான்தான். பதுளையை அடைந்தபோது இருட்டிவிட்டது, நீர்வீழ்ச்சியைப் பார்க்கவில்லை. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சாரதிக்குத் தூக்கம் வராதிருக்க ஆசிரியை ஒருவர் முன் ஆசனத்தில் பேசிக்கொண்டே வந்தார். அதையும் அன்று நாம் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம்.

2025 மே மாதம் கொத்மலையில் ஒரு பஸ் அதிகாலையில் பள்ளத்தில் வீழ்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொன்று இரவில் வீழ்ந்தது. அந்தச் செய்திகளைப் பார்த்த பிறகு வாப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்கட பஸ் ட்றைவர் எப்ப தூங்கினார்?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. அனுமதிப் படிவத்தில் கையொப்பமிடும் பெற்றோர் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும் என்பேன்.

நுவரெலியாவில் ஓரிரவு தங்கினால் எல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பணத்தை எல்லா வீட்டாலும் கொடுக்க இயலாது. அதனால் ஒரு நாள் சுற்றுலா என்றால் பதுளையோடு திரும்பிவிடுவோம். ஸுபஹுக்குப் பின் புறப்பட்டு, துன்ஹிந்தவைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, இருட்டுமுன் மலையிறங்கலாம். கிரகரி வாவியில் படகு ஓடவில்லையே என்று சிலர் முகம் சுளிப்பார்கள்தான். சுளிக்கட்டும்.

இவ்வருடப் பட்டியலைத் தயாரிக்க எமது வகுப்பில் இருவரைச் சேர்த்திருக்கிறார்கள், நானும் அந்தத் தோழியும். முதல் வரியில் "பிபிலை, இறங்குதல், 20 நிமிடம்" என்று எழுதினேன். அவள் பேனையை வாங்கி 20ஐ வெட்டி 40 என்று எழுதினாள்.