எங்க வீட்டு சுகாதார மந்திரி

ஆபீசுக்குப் போகிற ஆண்பிள்ளைக்கு வீட்டில் ஒரே ஒரு மருத்துவப் பொறுப்புதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால், "டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்க வேண்டும். கேட்டாச்சா? கடமை முடிந்தது. நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம். கொஞ்சம் பாசமுள்ள தகப்பன் என்றால் சாயங்காலம் வரும்போது ஒரு பிரட் பாக்கெட் வாங்கி வருவார்.

மற்ற இலாகா எல்லாம் அம்மாக்களிடம்தான். எந்த டாக்டர் மருந்து எந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கும், இருமலுக்குத் தயிர் சாதம் ஆகுமா, நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பலாமா, கூடாதா... எல்லாம் அவர்களே முடிவு பண்ண வேண்டும். சரியாகப் போனால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். தப்பிப் போனால் மட்டும் ஊரே கேட்கும்: "நீ வீட்டுல என்ன பாத்துட்டு இருந்தே?" இப்படி ஒரு நிபந்தனையோடு கோட்டையில் மந்திரி பதவி கொடுத்தால் அன்று மாலையே ராஜினாமா பண்ணிவிடுவார்கள்.

2017 பிப்ரவரியில் இந்த இலாகாவுக்கு வந்த சோதனையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த மாதம் 6-ம் தேதி தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் ஆரம்பித்தது. 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயசு வரை எல்லோருக்கும் ஒரு ஊசி. இலவசம். மொத்தம் சுமார் 1.75 கோடிப் பிள்ளைகள். கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவிலும் அதே சமயம்தான்.

எங்கள் பையனுக்கு அப்போது 7 வயசு, பெண்ணுக்கு 3. பையனின் பள்ளிக்கூட டயரிக்குள் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. 'சம்மதம் / சம்மதமில்லை. பெற்றோர் கையெழுத்து.' அவ்வளவுதான். ருபெல்லா என்றால் என்ன, யார் போடுகிறார்கள், எதற்குப் போடுகிறார்கள்... மூச்! சினிமா டிக்கெட்டில்கூட இதைவிட அதிக விவரம் இருக்கும்.

காகிதம் வந்த நேரமும் விசேஷமான நேரம். 7-ம் தேதி ராத்திரி ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் தியானத்தில் உட்கார்ந்தார். அப்புறம் கூவத்தூர். டி.வி.யில் வேறு எதுவும் ஓடவில்லை. ஊசியைப் பற்றி யாராவது தொண்டை கிழிய விளக்கியிருந்தாலும் எவர் காதிலும் விழுந்திருக்காது. ஜனவரியில்தான் ஜல்லிக்கட்டுக்காக வ.உ.சி. மைதானம் நிரம்பி வழிந்தது. அந்தச் சூட்டில் 'எதுவானாலும் வெளிநாட்டுக்காரன் சதி' என்பது பலருக்கு வாய்ப்பழக்கமாகியிருந்தது. (இது என் ஊகம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.)

அந்த வெற்றிடத்தில் புகுந்தது வாட்ஸ்அப்.

எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்புக்கு 'ஒறம்பரை' என்று பேர். கோபிச்செட்டிபாளையத்து மாமா ஒருவர் அதில் காலை 5 மணிக்கு ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' போடுவார். அவர்தான் அன்று 10 மணிக்கு ஒரு ஆடியோ அனுப்பினார். பேசுகிற பெண் யார், தெரியாது. எந்த ஊர், தெரியாது. எங்கேயோ பிள்ளைகள் மயங்கி விழுந்தார்களாம், பிற்காலத்தில் குழந்தை பிறக்காதாம், யாரும் போட்டுவிடாதீர்களாம். விவரம் ஒன்றும் இல்லை, குரல் மட்டும் நன்றாகத் தழுதழுத்தது.

அதே ஆடியோ எங்கள் ஆபீசுக்கும் வந்தது. பீளமேட்டுப் பக்கம் மோட்டார் பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். பக்கத்து சீட்டில் கல்யாணமே ஆகாத பையன். அவன் அதை நாலு குரூப்புக்குத் தள்ளிவிட்டு, "எதுக்கும் இருக்கட்டும் ஸார்" என்றான். எதுக்கும் இருக்கட்டும்! அவன் விரலுக்கு ஒரு செகண்ட் வேலை. அதை வாங்கிக் கேட்ட அம்மாக்களுக்கு மூன்று ராத்திரி தூக்கம் போச்சு.

அந்த வருஷம் சிறுவாணியே வற்றிப்போய்க் கிடந்தது. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியிருந்தது. அப்படி வந்த ஒரு ராத்திரி 2 மணிக்கு, குடம் குடமாகப் பிடித்து வைத்துவிட்டு என் மனைவி சமையலறையில் நின்று பிரிட்ஜ் மேலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, போட்டு ஏதாவது ஆச்சுன்னா 'நீதானே கையெழுத்துப் போட்டே'ம்பாங்க. போடாம ஏதாவது ஆச்சுன்னாலும் என்னைத்தானே கேப்பாங்க?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. "நம்ம டாக்டரையே கேட்டுரலாம் அம்முணி" என்றேன்.

போனோம். டோக்கன் நம்பர் 23. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் டாக்டர் நிமிராமல் ஒரே வார்த்தை சொன்னார்: "போடலாம்." மணி அடித்தார். அடுத்த டோக்கன் வந்துவிட்டது.

வெளியே வந்து இவள் கேட்டாள்: "போடலாம்னா, போட்டாலும் போடலாம், போடாட்டியும் இருக்கலாம்னுதானுங்க அர்த்தம்?" தமிழ் வாத்தியாரிடம் கேட்க வேண்டிய சந்தேகம்.

மறுநாள் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு, பக்கத்தில் இருந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள். நான் ஸ்கூட்டர் ஓட்டினேன். அங்கே ஒரு நர்ஸம்மா. ஐம்பது வயசிருக்கும். நோட்டைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. "உக்காருங்க கண்ணு, ஒண்ணொண்ணாக் கேளுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே பத்மஸ்ரீ கொடுக்கலாம்.

முதல் கேள்வி: "பையனுக்கு ஒம்பதாம் மாசமே தட்டம்மை ஊசி போட்டாச்சுங்க. திரும்ப எதுக்கு?"

"போட்டிருந்தாலும் போடலாம், கெடுதல் இல்லைங்க. ஒம்பதாம் மாசத்து ஊசி நூறு பிள்ளைல எம்பத்தஞ்சு பேருக்குத்தான் நல்லாப் பிடிக்கும். மீதிப் பதினஞ்சு பேரு யாருன்னு நெத்தில எழுதியிருக்காது. தட்டம்மை வந்த ஒரு புள்ள, எதிர்ப்புசக்தி இல்லாத பன்னெண்டுலேர்ந்து பதினெட்டுப் பேருக்குக் குடுத்துரும். அது இருமிட்டுப் போன ரூம்ல ரெண்டு மணி நேரம் வரைக்கும் கிருமி காத்துல நிக்கும்."

இரண்டாவது, மருந்து கெட்டிருந்தால்? நர்ஸம்மா உள்ளே போய் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு புட்டியைக் கொண்டுவந்து அதன் மேலிருந்த அடையாளத்தைக் காட்டினார். ஒரு வட்டம், அதற்குள் ஒரு கட்டம். கட்டம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. சூடு படப்பட கட்டம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பைக்கூடைதான். மருந்து பொடியாக இருக்கும். அதற்கென்று தரும் நீரில் கலக்கி, கலக்கின நேரத்தைப் புட்டி மேல் எழுதுவார்கள். 4 மணி நேரத்துக்குள் தீர வேண்டும், மிஞ்சினால் கீழே கொட்டிவிடுவார்கள். ஊசிக்குழலும் ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. (பம்ப் கம்பெனிக்காரனான எனக்கு இது ரொம்பப் பிடித்தது. வால்வு வேலை.)

மூன்றாவது கேள்வியை இவள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "திருவள்ளூர்ல ஊசி போட்டு குழந்தைங்க செத்துப் போச்சுன்னு..."

'புரளி' என்று அடித்துவிடுவார் என நினைத்தேன். இல்லை. "ஆமாங்க, நடந்துச்சு" என்றார். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்தது உண்மை. அதற்கப்புறம் கொஞ்ச காலம் ஊர் ஊராகப் போய்ப் போடுவதை நிறுத்தி, சுகாதார நிலையங்களில் மட்டும் போட்டார்கள். "அதனாலதான் கண்ணு நேரம் எழுதறது, அரை மணி நேரம் உக்கார வெக்கறது எல்லாம். பயந்துட்டு நாங்களும் சும்மா இருக்கல. கூட்டத்துல சில பிள்ளைக ஊசியைப் பாத்தே மயங்கும். வெறும் வயித்தோட அனுப்பிராதீங்க."

உண்மையை ஒப்புக்கொண்ட அந்த நிமிஷத்தில்தான் என் மனைவியின் தோள் கொஞ்சம் இறங்கியது.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதே 2008 டிசம்பரில் போலியோ சொட்டு மருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று புரளி கிளம்பி, தமிழ்நாடு முழுக்க ராத்திரியோடு ராத்திரியாக அம்மாக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். ஆனாலும் சொட்டு மருந்து தொடர்ந்தது. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டுபிடித்ததுதான் இந்தியாவின் கடைசிப் போலியோ. 2014-ல் சான்றிதழே கொடுத்துவிட்டார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு சமோவா என்ற பசிபிக் தீவு நாடு சாட்சி. ஜனத்தொகை சுமார் 2 லட்சம்தான். 2018-ல் அங்கே நர்சுகள் தடுப்பு மருந்தில் தண்ணீருக்குப் பதில் தவறான மருந்தைக் கலந்துவிட, 2 குழந்தைகள் இறந்தன. ஊசி போடுவதையே மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். திரும்ப ஆரம்பித்தபோது ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லை, புரளிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. 83 பேர் போனார்கள். பெரும்பாலும் சின்னக் குழந்தைகள்.

பால் நோட்டில் இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. "ருபெல்லா கர்ப்பிணிகளுக்குத்தான் ஆபத்துங்கறாங்க. அப்போ பொண்ணுக்குப் போட்டாப் பத்தாதுங்களா? பையனுக்கு எதுக்கு?"

நர்ஸம்மா பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். "உங்க வீட்டுக்கு வரப்போக இருக்கறவங்கள்ல முழுகாம இருக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா கண்ணு?"

இவள் பேசவில்லை.

திருப்பூரில் இருக்கும் என் கொழுந்தியாளுக்கு அப்போது இரண்டாம் மாசம். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகி 6 வருஷம் கழித்து. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்துவிடுவாள். எங்கள் பையன்தான் அவளுக்கு உயிர், மடியை விட்டு இறக்க மாட்டாள்.

ருபெல்லா பையனுக்கு வந்தால் லேசான காய்ச்சல், நாலு தடிப்பு, மூன்று நாளில் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். அதுவே முதல் மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணில் புரை விழலாம், காது கேட்காமல் போகலாம், இதயத்தில் கோளாறு வரலாம். இது எங்கேயோ நடக்கிற கதை இல்லை. நம்ம அவினாசி ரோட்டில் இருக்கிற அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, மதுரை, திருநெல்வேலியில் இருக்கிற அரவிந்த் ஆஸ்பத்திரிகள், மூன்றிலும் வேலை பார்த்த பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்து 2004-ல் ஒரு ஆய்வு வந்தது. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ருபெல்லாவுக்கு எதிர்ப்புசக்தி இல்லை. பிறவிப் புரையோடு வரும் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் பண்ணிப் பண்ணி, 'இது எங்கிருந்து வருகிறது' என்று தேடிப் போனவர்கள் கண் டாக்டர்கள்!

வீட்டில் இன்னொரு தடை பாக்கி என்று நினைத்திருந்தோம். எங்கம்மா. அம்மை என்றால் வேப்பிலை, மஞ்சள், மூன்றாம் தண்ணீர் என்று வளர்ந்தவர். நம்ம ஊருக்கும் அதில் பெரிய சரித்திரம் உண்டு. அவினாசி ரோட்டுத் தண்டு மாரியம்மன், திப்பு சுல்தான் படைவீரர்களுக்கு அம்மை கண்டபோது காப்பாற்றியவள் என்பது கோயில் ஐதீகம். பிளேக் வந்து ஊர் காலியான காலத்து ஞாபகமாகப் பிளேக் மாரியம்மன் என்றே இங்கே கோயில்கள் இருக்கின்றன.

இவள் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

"எனக்கு நேர் எளையவ ஒருத்தி இருந்தா அம்முணி. மணல்வாரி வாத்து, எறங்கிருச்சுன்னு தண்ணி ஊத்தினம். பொறவு நெஞ்சுல சளி கட்டிருச்சு. நாலு வயசு. அப்ப ஏது ஊசி? நான் தண்டு மாரியம்மனுக்கு வேண்டிக்கறன். நீ போய் ஊசியப் போட்டுட்டு வா."

எனக்கு ஒரு சித்தி இருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

கையெழுத்து விழுந்தது. பையனுக்கு இட்லி ஊட்டி அனுப்பினாள். அவன் சாயங்காலம் இடது கட்டைவிரல் நகத்தில் மையோடு வந்து, "நான் ஓட்டுப் போட்டுட்டேன்" என்று தெரு முழுக்கக் காட்டினான். பாப்பாவுக்கு நர்ஸம்மாவிடமே போட்டது. ராத்திரி லேசாக மேல் சுட்டது, காலையில் சரி. கொழுந்தியாளை இரண்டு ஞாயிறு வர வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தாள் இவள். காரணம் கேட்டதற்கு, "தண்ணி கஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். (வைரஸ் ஊசியிலிருந்து ஒட்டாது என்று நர்ஸம்மா சொல்லியும்தான். மந்திரியின் தனி அதிகாரம்.)

பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சிலும் நீண்டது. அவ்வளவு வீடுகளில் அந்தக் காகிதம் பிரிட்ஜ் மேலேயே தொங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு இந்த ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16-லிருந்து 24 மாதத்துக்குள் ஒன்று என்று வழக்கமான பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது.

நர்ஸம்மா சொன்ன பதில்களை எல்லாம் இவள் உட்கார்ந்து டைப் அடித்து 'ஒறம்பரை' குரூப்பில் போட்டாள். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபி மாமா மறுநாள் 5 மணிக்கு வழக்கம்போல் ரோஜாப்பூ அனுப்பினார்.

நாலாம் நாள் மத்தியானம் இவளுக்கு ஒரு போன். கோபி மாமாவின் மருமகள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததாம், வீட்டில் யாருக்கும் கேட்கக்கூடாது என்று.

"அக்கா, அந்த வட்டம், கட்டம்னு எழுதியிருந்தீங்களே... கட்டம் வெளுப்பா இருந்தா நல்லதா, கறுப்பா இருந்தா நல்லதா?"