‘30 நாளில் சரளமா படிக்கும்’ ஆப்... ஆதாரம் கேட்டீங்களா?

அக்கா மகள் ஒன்றாம் வகுப்பு. போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது, “சித்தி, நான் படிக்கிறேன் பாரு” என்று மொபைல் ஆப்பைத் திறந்தாள். அம்மா, ஆடு, இலை, ஈ... கடகடவென்று வந்தது. சும்மா ஒரு பேப்பரில் ‘ஆறு’ என்று எழுதிக் காட்டினேன். “ஆடு” என்றாள். ‘இசை’ எழுதினேன். “இலை!” முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை மனப்பாடத்திலிருந்து ஊகிக்கிறாள்.

அந்த ஆப்புக்கு அக்கா கட்டியது வருஷத்துக்கு 4,000 ரூபாய். ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று விளம்பரம். யார் நிரூபித்தது, எந்தக் குழந்தைகளிடம்? ஆப்பின் எந்த மூலையிலும் பதில் இல்லை.

பெற்றோரின் பயம் நியாயமானதுதான். கொரோனாவுக்குப் பிறகு வந்த 2022 ஏசர் ஆய்வில், தமிழகக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 5 சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆண்டுதான் அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பயத்தைத்தான் ஆப்களும் யூடியூப் சேனல்களும் காசாக்குகின்றன.

ஊகிக்க வைத்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவைக் கேளுங்க. படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், என்ன சொல்லாக இருக்கும் என்று ஊகி... இப்படித்தான் அங்கே பல பள்ளிகளில் வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை வரிசையாகக் கற்பிப்பதுதான் பலன் தருகிறது என்று தேசிய வாசிப்புக் குழு 2000-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. ஆனாலும் ஊகிக்கும் முறைப் புத்தகங்கள் விற்றுக்கொண்டே இருந்தன. எமிலி ஹான்ஃபோர்டு என்ற பத்திரிகையாளர் 2022-ல் ‘சோல்ட் எ ஸ்டோரி’ பாட்காஸ்ட்டில் இதைப் போட்டு உடைத்த பிறகுதான் பெற்றோர்கள் கொதித்தார்கள். ஆக, ‘லட்சம் பேர் பயன்படுத்துறாங்க’ என்பது ஆதாரம் ஆகாது.

‘எங்கள் குழந்தைகள் மூன்று மாதத்தில் முன்னேறினார்கள்’ என்பதும் அப்படித்தான். ஆப் இல்லாத குழந்தையும் மூன்று மாதத்தில் கொஞ்சம் முன்னேறத்தானே செய்யும்? ஒப்பிட இன்னொரு குழு இல்லையென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

எங்கே தேடுவது?

இங்கிலாந்தின் ‘எஜுகேஷன் என்டோவ்மென்ட் ஃபவுண்டேஷன்’ தளம் இலவசம். ஒவ்வொரு கற்பித்தல் முறைக்கும் எவ்வளவு செலவு, எத்தனை மாத முன்னேற்றம், ஆதாரம் எவ்வளவு வலுவானது என்று போட்டிருப்பார்கள். ஆதாரத்தின் வலுவைக் காட்டப் பூட்டுப் படங்கள் உண்டு. பூட்டு கூடினால் நம்பிக்கையும் கூடலாம். அமெரிக்கக் கல்வித் துறையின் ‘வாட் ஒர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ்’ தயாரித்த ஆசிரியர் வழிகாட்டிகளும் நல்லவை. எழுத்துப் பயிற்சி பற்றிய வழிகாட்டி, தினமும் எழுத நேரம் ஒதுக்கச் சொல்கிறது.

நம்ம நாட்டு ஆதாரமும் இருக்கிறது. வயதை வைத்துப் பிரிக்காமல், குழந்தை இப்போது எந்த நிலையில் வாசிக்கிறதோ அதை வைத்துக் குழு பிரித்துக் கற்பிப்பது பிரதம் அமைப்பின் முறை. 2019-ல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ போன்றவர்கள் ஒப்பீட்டுக் குழுக்களோடு இந்தியாவிலேயே சோதித்த முறை இது.

ஆனால் ஒரு சிக்கல். இங்கிலாந்து, அமெரிக்கத் தளங்களில் இருப்பது பெரும்பாலும் ஆங்கில வாசிப்புக்கான ஆதாரம். ஆங்கிலத்தில் 26 எழுத்து; தமிழில் 247. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கல்’, ‘தங்கம்’ இரண்டிலும் அதே ‘க’, ஆனால் ஒலி வேறு. ஃபோனிக்ஸ் அட்டவணையை அப்படியே தமிழுக்கு ஒட்டினால் எப்படிப் பொருந்தும்? கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வு, எழுத்துகள் முழுசாக வசமாகவே தொடக்கப் பள்ளியில் சில வருஷங்கள் பிடிக்கிறது என்று காட்டியது. கன்னடமும் உயிர்மெய் எழுத்து முறைதான். அந்தக் கணக்கில் ‘30 நாள்’ எங்கே நிற்கும் என்று நீங்களே யோசிங்க.

இங்கேதான் அரசு மேல் எனக்குக் கோபம் வருது. திட்டம் நடத்துகிறோம், பயிற்சிப் புத்தகம் தருகிறோம், சரி. எந்த முறை தமிழ்க் குழந்தைகளிடம் பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒரு சாதாரணப் பெற்றோர் மொபைலில் படிக்கிற மாதிரி, அந்தப் பூட்டுப் படங்களோடு தமிழிலேயே ஒரு பக்கம் வேண்டாமா? மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனம் செய்ய வேண்டிய வேலை இது. அது வரும் வரை, காசு கட்டுவதற்கு முன் ஆப் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க: எந்த ஆய்வு, எந்த மொழிக் குழந்தைகள், யாரோடு ஒப்பிட்டீர்கள்? பதில் வராவிட்டால் அதுவே பதில்.

அக்கா சந்தாவை நிறுத்திவிட்டாள். ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைத் தமிழ்க் கதைகள் இலவசம். ராத்திரி ஒரு கதை, பிறகு அதிலிருந்து ஐந்து சொல் டிக்டேஷன். ‘ஆறு’ இப்போது ஆறாகவே வருகிறது. ‘கொ’ வந்தால் மட்டும் இன்னும் முழிக்கிறாள்.