டாலிகஞ்ச் சுவர்களில் யார் முகம்?

கொல்கத்தாவின் டாலிகஞ்சிலிருந்து தெற்கே போகும் மெட்ரோவில் நிலையப் பெயர்களைக் கவனியுங்கள். உத்தம் குமார், நேதாஜி, மாஸ்டர்தா சூர்யா சென், நஸ்ருல், குதிராம், கவி சுபாஷ். நடுவே கீதாஞ்சலி என்றொரு நூல். பெண் பெயர் ஒன்றுகூட இல்லை.

பிரிட்டிஷாரை எதிர்த்த புரட்சியாளர் சூர்யா சென்னின் படையில் பிரீதிலதா வதேதார் இருந்தார். 1932 செப்டம்பரில் பஹார்தலி ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கப் போன குழுவுக்கு அவர்தான் தலைவர். பிடிபடாமலிருக்க சயனைடு விழுங்கி இறந்தபோது வயது 21. பிரிட்டிஷார் நிறுத்திவைத்த அவரது பட்டத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 2012இல்தான் வழங்கியது.

டாலிகஞ்சுக்கே சொந்தமான பெண்களும் உண்டு. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகள் அங்கும் ஜாதவ்பூரிலும் காலி நிலங்களில் குடியேறினார்கள். நிலக்காரர்களின் அடியாட்களும் போலீசும் குடிசையைப் பிரிக்க வந்தால், பெண்கள் சங்கு ஊதி ஆள் திரட்டினார்கள். துடைப்பமும் அரிவாள்மணையுமாக முன்னே நின்றார்கள். அந்தக் காலனிகள் இன்றைக்கும் நிற்கின்றன என்றால், அவர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’ (1960) அகதிக் குடும்பத்துக்காக உழைத்துத் தேய்ந்த நீதாவைக் காட்டியது. மகத்தான படம். ஆனாலும் சங்கு ஊதியவளை அதில் காண முடியாது.

அவளைச் சுவரில் வரையலாம்; அதற்கு முன்னுதாரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் சிகானா (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண்) ஓவியர் யிரெய்னா செர்வாண்டெஸ், விவசாயத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டொலோரஸ் ஹுவெர்ட்டாவின் முகத்தை 1989இல் ஒரு பொதுச் சுவரில் பெரிதாக வரைந்தார். கொல்கத்தாவிலும் அப்படித் தெருவுக்கு இறங்கியவர் ஓவியர் ஷானு லாஹிரி. எண்பதுகளில் கட்சி முழக்கங்கள் அப்பிய சுவர்களை ஓவியங்களால் நிரப்பினார். கிழக்குப் பைபாஸில் 1987இல் அவர் நிறுவிய ‘பரமா’ சிற்பம் 2014இல் அகற்றப்பட்டு, அங்கே அரசின் ‘பிஸ்வ பங்களா’ உருண்டை வந்தது. ஒரு பெண் கலைஞரின் படைப்பை இத்தனை எளிதாக அப்புறப்படுத்த முடிந்தது நமக்குக் கோபமூட்டுகிறது.

ஆகவே அரசை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தேர்தல் வந்தால் சுவர்களைக் கட்சிகள் முன்கூட்டியே பிடித்துவைக்கும் வழக்கம் நம்மூரைப் போலவே அங்கும் உண்டு. அதற்கு முன் காலனிச் சங்கங்கள் ஆளுக்கொரு சுவரை ஒதுக்கட்டும். ஓவியக் கல்லூரி மாணவிகள் வீடு வீடாகப் போய், அன்று முன்னே நின்றவர்கள் யார் யார் என்று முதியவர்களிடம் கேட்டு வரையட்டும். முகத்தின் கீழ் பெயரையும் எழுத வேண்டும், தெருவில் போகிறவர் நின்று படிக்கிற அளவுக்குப் பெரிதாக.