தெர்மாமீட்டரும் திரையும்

1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'வில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கத்தியவார் பகுதியின் தீண்டப்படாத ஆசிரியர் ஒருவர். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியவில்லை. சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிடித்து, இரண்டு ரூபாய் பீசுக்கு ஒப்புக்கொண்ட பிறகு, வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக வருகிறார். பச்சைப் பிள்ளையோடு அவளைச் சேரிக்கு வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. நிமோனியா என்கிறார். அவள் செத்துப்போனாள். இந்தக் கடிதத்தை அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எடுத்து வைத்திருக்கிறார்.

தொடாமல் வைத்தியம் பார்ப்பது நம்ம ஜனங்களுக்குப் புதுசில்லை தோழர்களே.

இப்போது இ-சஞ்சீவனி. 2019இல் தொடங்கி, 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசுகிற வசதியாகவும் விரிந்தது. துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா நம்மை உட்கார வைத்து, எங்கேயோ இருக்கிற டாக்டரைத் திரையில் காட்டுவார். நான் இதை எதிர்க்க வரவில்லை. பிரஷர் மாத்திரைக்காக ஒருநாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறுகிற கிழவிக்கு இது பெரிய ஒத்தாசை. திரையில் இருக்கிற டாக்டருக்கு நாம் எந்தத் தெரு என்று தெரியாது. அதுவும் ஒரு நிம்மதிதான்.

ஆனால் அந்தத் திரை எந்தத் தெருவில் இருக்கிறது? யார் கையில் இருக்கிறது?

வங்கியில் குமாஸ்தா நான். கிளைக்கு வராமலே பணம் எடுக்கலாம் என்று கைரேகை மெஷினோடு ஏஜெண்டுகள் வந்தார்கள். மெஷினுக்குச் சாதி கிடையாது. ஆனா அது போய் உட்கார்ந்த திண்ணைக்கு இருந்தது. நம்ம பொம்பளைகள் படிக்குக் கீழேயே நின்றார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்கிறது அரசு விதி. அந்தக் கணக்கில் தலைகள் உண்டு; ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடக்கிற தூரம் இல்லை.

இன்னொன்று. வயிற்றை அமுக்கிப் பார்க்கணும், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கணும். திரைக்குக் கையில்லை. நேரில் பார்க்கவேண்டிய நோயாளியை நேரில் வரச்சொல்ல வேண்டும் என்றுதான் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறையும் சொல்கிறது. வரச்சொன்னால் போக வண்டி எங்கே? போன இடத்தில் டாக்டர் இருப்பாரா? திரையைக் காட்டி டாக்டர் வேலையிடத்தைக் காலியாகவே வைத்திருந்தால், அது பழைய தெர்மாமீட்டர் வைத்தியம்தான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே ஆளனுப்பி பிரஷர் பார்க்கிற திட்டம். கையைப் பிடிக்காமல் பிரஷர் பார்க்க முடியாது. அந்த வழியில் திரையும் சேரிக்குள் வரட்டும். அதை இயக்கிற வேலைக்கு நம்ம பெண்களைப் போடட்டும். டாக்டர் வேலையிடங்களை நிரப்பட்டும்.

மாணவத் தோழர்கள் லீவுக்கு ஊருக்குப் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சேரியிலிருந்து துணை சுகாதார நிலையம் வரைக்கும் நடந்து பாருங்கள். எத்தனை தெருவைத் தாண்டணும், எந்தத் தெருவில் செருப்பைப் பற்றி யோசிக்கணும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். நம்ம மனுவின் முதல் பக்கம் அதுதான்.